மாப்பிள்ளை பஸ் என்கிறார், மாமியார் ரயில் என்கிறார்

கேள்வி: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். 68 வயது, சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாத்ரூம் போகாமல் தாங்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூர் போய் அரண்மனை விளக்கு பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பலாம் என்று யோசனை. புது நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம்தான், பஸ்ஸில் போகலாம் என்கிறார் கணவர். அம்மாவுக்கு ரயில்தான் வேண்டும். ஏழு வயது மகன் வந்தே பாரத் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். முடிந்தால் ஸ்ரீரங்கப்பட்டணம் பெருமாளையும் சேவிக்க வேண்டும் என்று அம்மா ஒரு ஓரமாகச் சொல்லி வைத்திருக்கிறார். நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்.

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம். போகும்போது ரயில், வரும்போது பஸ். அதுவும் மைசூருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எடுத்து அங்கேயே இறங்குங்கள். அம்மா "முடிந்தால்" என்று சொன்ன அந்தக் கோயிலைத்தான் நான் பயணத்தின் முதல் வேலையாக வைப்பேன். வயதானவர்களை மைசூர்ப் பக்கம் அழைத்துப் போவதுதான் என் தொழில். அவர்கள் கடைசியாக, தயங்கித் தயங்கிச் சொல்லும் இடம்தான் அவர்கள் உண்மையில் போக விரும்பும் இடம், இது எனக்கு நன்றாகவே தெரியும். ஸ்ரீரங்கத்துக்காரருக்கு அரண்மனை விளக்கு இரண்டாம்பட்சம். காவிரியின் மேல்முனைத் தீவான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கன், நடுவே சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கன், கீழே ஸ்ரீரங்கத்தில் அந்தியரங்கன் என்று சொல்வார்கள். கடைசி ரங்கனின் ஊரில் வாழ்ந்தவர் முதல் ரங்கனைப் பார்க்கக் கேட்கிறார், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கணவரின் ஒன்றரை மணி நேரக் கணக்கு. அது பொய்யில்லை, ஆனால் அது பஸ்ஸின் கணக்கும் இல்லை. 2023 மார்ச்சில் திறந்த அந்த நெடுஞ்சாலை ராமநகரம், சென்னப்பட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று எல்லா ஊரையும் வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. காரில், பெங்களூர் எல்லையைத் தாண்டியதிலிருந்து மைசூர் எல்லை வரை எடுத்துக்கொண்டால் அந்த நேரம் சரியாகத்தான் வரும். ஆனால் நீங்கள் கிளம்புவது பெங்களூர் எல்லையிலிருந்து இல்லையே, ராமமூர்த்தி நகரிலிருந்து. நகரத்தின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குப் போய், மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் நிலையத்தில் ஏறி, கெங்கேரி தாண்டும் வரை ஊர்ந்து, கடைசியில் மைசூர் ஊருக்குள்ளும் ஊர்ந்து, எங்கும் நிற்காத பஸ்ஸே இரண்டரை மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ரயிலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஏறக்குறைய 139 கிலோமீட்டர் தூரம், இரட்டைப் பாதை, மின்சாரப் பாதை, பழைய காலம் போல எதிர் ரயிலுக்காக ஸ்டேஷனில் காத்துக்கிடப்பதெல்லாம் இப்போது இல்லை. ஆக நேரத்தை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை, இரண்டும் சமம். உங்கள் வீட்டு விஷயத்தில் முடிவு செய்யப்போவது வேறு இரண்டு சமாச்சாரம்: பாத்ரூம், இன்னொன்று திரும்பும் நேரம்.

பாத்ரூம் விஷயத்தை நீங்கள் கேள்வியிலேயே வெளிப்படையாக எழுதியது நல்லதாயிற்று. பலர் இதைச் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு, காபியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சர்க்கரை உள்ளவர்கள் அப்படித் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைவது நல்லதில்லை. ஐராவத் வோல்வோ பஸ்ஸில் சீட் நன்றாக இருக்கும், ஏசி இருக்கும், கழிப்பறை இருக்காது. நடுவில் எங்காவது ஹோட்டலில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள், நிறுத்தாமலும் போவார்கள், அது டிரைவரின் மனசு. எக்ஸ்பிரஸ் ரயிலில் அந்தக் கவலையே கிடையாது. கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன், ஆனால் இருக்கும். ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூ பேப்பரும் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

மகனுக்கு ஏமாற்றமான செய்தி. சென்னையிலிருந்து மைசூருக்கு இரண்டு வந்தே பாரத் ஓடுகின்றன, இரண்டுமே உங்கள் பயணத்துக்கு உதவாது. காலையில் சென்னையை விட்டுக் கிளம்புவது பெங்களூருக்கு வந்து சேரவே பத்து மணிக்கு மேல் ஆகிவிடும், மைசூர் போய்ச் சேரும்போது மதியம் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், கோயில் நடை சாத்துகிற நேரம். அதே ரயில் மதியம் ஒரு மணியை ஒட்டித் திரும்பக் கிளம்பிவிடும். இன்னொன்று விடிகாலையில் மைசூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டு நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் மைசூர் திரும்புகிற ரயில், திசையே நமக்கு எதிர். சதாப்தியும் மதியக் கேஸ்தான். இவையெல்லாம் சென்னைக்காரர்கள் மைசூர் வந்து தங்குவதற்குப் போட்ட ரயில்கள், பெங்களூர்க்காரர்கள் ஒரு நாளில் போய்த் திரும்புவதற்குப் போட்டவை இல்லை. சாமுண்டி எக்ஸ்பிரஸ் போன்றவை இன்னொரு ரகம்: காலையில் மைசூரிலிருந்து பெங்களூருக்கு ஆபீஸ் கூட்டத்தை ஏற்றி வந்து, சாயந்திரம் திரும்பக் கொண்டுபோய் விடுபவை. நமக்குக் காலையில் எதிர்த்திசை வேண்டும்.

அந்தத் திசையில் யார் உதவுகிறார்கள் என்று பார்த்தால், நம்ம ஊர் ரயில்கள்தான். தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாகவும், மயிலாடுதுறைப் பக்கமிருந்து கும்பகோணம், திருச்சி வழியாகவும் ராத்திரி முழுக்க ஓடிவரும் மைசூர் எக்ஸ்பிரஸ்கள் அதிகாலையிலிருந்து காலைக்குள் பெங்களூரைத் தாண்டிப் போகும். கூட்டத்தில் பெரும்பகுதி பெங்களூரிலேயே இறங்கிவிடும். மிச்ச தூரத்துக்கு ஜன்னல் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து போகலாம். அதைத் தவிர, வழியில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் மெமு ரயில்களும் பெங்களூரிலிருந்து காலையில் உண்டு. உங்களுக்கு நான் சொல்லும் ஒரே நிபந்தனை, அந்த ரயில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிற்க வேண்டும், ஒன்பதரை மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். வேகமான ரயில்கள் சில நிற்காமல் மைசூர் போய்விடும். ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் பெங்களூர் கேஎஸ்ஆர், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று இரண்டு பெயரையும் போட்டுத் தேடினால் நிற்கும் ரயில்கள் மட்டும் வரும், அதில் உங்களுக்குத் தோதான நேரத்தைப் பிடியுங்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இன்னொரு முறை பாருங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை வேலை என்று நேரத்தை மாற்றுவது அவர்கள் வழக்கம்.

ரிசர்வேஷன் அவசியமா? அம்மாவோடு போவதால் செய்துவிடுங்கள், நிம்மதி. இப்போது 60 நாள் முன்னாலிருந்து புக் செய்யலாம். மெமு என்றால் ரிசர்வேஷனே கிடையாது, கிளம்புகிற ஸ்டேஷனில் கால் மணி முன்னால் ஏறினால் இடம் கிடைக்கும். மூத்த குடிமக்கள் சலுகையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், 2020 மார்ச்சில் நிறுத்தியதை இன்னும் திரும்பக் கொண்டுவரவில்லை. சலுகை இல்லாவிட்டால்தான் என்ன, இந்தத் தூரத்துக்குச் சாதாரண டிக்கெட் நூறு ரூபாய்க்குள்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மற்ற நாளில் உங்களுக்குப் பக்கத்துப் பென்னிகானஹள்ளியில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கேஎஸ்ஆர் ஸ்டேஷனை ஒட்டிய மெஜஸ்டிக்கில் கொண்டுபோய் இறக்கிவிடும், ஐந்து மணிக்கெல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். ஞாயிறு மட்டும் காலை ஏழு மணிக்குத்தான் முதல் மெட்ரோ. இதைத் தெரியாமல் மெட்ரோவை நம்பி ஆறரை மணி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, மூடின ஷட்டருக்கு முன்னால் பைகளோடு நிற்கும் குடும்பங்களை நிறையவே பார்க்கலாம். அதனால் விடிகாலையில் காருக்கோ ஆட்டோவுக்கோ முந்தின நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஞாயிறு காலை ரோடு காலியாகத்தான் கிடக்கும், முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். கேஎஸ்ஆர் ஸ்டேஷனில் நடைமேடை மாற வேண்டியிருந்தால் லிஃப்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டு போங்கள், அம்மாவின் முழங்காலை அங்கேயே செலவழித்துவிட்டால் கோயிலுக்கு மிச்சமிருக்காது.

ரயில் ராமநகரத்துப் பாறை மலைகளைத் தாண்டும்போது மகனை எழுப்பிவிடுங்கள், அப்புறம் மத்தூரில் வடை வரும். மத்தூர் வடை தட்டையாக, கை அகலத்துக்கு, ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் கொஞ்சம் மெத்தென்றும், உள்ளே வெங்காயமும் கறிவேப்பிலையும் நிறைய இருக்கும். உளுந்து கிடையாது, அரிசி மாவும் ரவையும் மைதாவும்தான். ரயிலுக்காகவே பிறந்த பலகாரம் என்று சொல்லலாம், நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஸ்டேஷனின் பெயரில்தான் விற்கிறது. நெடுஞ்சாலை பஸ் மத்தூரைத் தொடாமலே பறந்துவிடும், பஸ் பயணிக்கு இது கிடையாது. அம்மாவுக்கு அரை வடை போதும், மாத்திரை போட்டுக்கொள்ள வீட்டிலிருந்து இரண்டு இட்லி கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் வடையை நம்ப வேண்டாம்.

பாண்டவபுரம் ஸ்டேஷன் தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடுங்கள். அடுத்தது ஸ்ரீரங்கப்பட்டணம், ஓரிரு நிமிடம்தான் நிற்கும். முதலில் உங்கள் கணவர் இறங்கி அம்மாவுக்குக் கை கொடுக்கட்டும், பைகள் கடைசியில். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் காவிரியின் வடகிளையைக் கடக்கும். ஊரே ஒரு தீவு. ரயில் பாதை திப்புவின் கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது, கோயில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், அம்மாவால் நடக்க முடியாவிட்டால் ஆட்டோ உண்டு. பாதையை இரட்டையாக்கும்போது திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே வந்தது. இடிக்காமல், 2017-ல் அந்தக் கட்டடத்தை அப்படியே அடியோடு தூக்கி, நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் டன் எடை. வந்தே பாரத் போச்சே என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் ஏழு வயதுப் பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், வீடு நடந்து போச்சா என்று நாள் முழுக்கக் கேட்பான்.

கோயில் நடை மதியம் ஒரு மணி வாக்கில் சாத்தினால் திரும்ப நான்கு மணிக்குத்தான். அதனால்தான் ஒன்பதரை என்று கறாராகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பத்தரைக்கு மேல் டூரிஸ்ட் பஸ்களில் வந்து இறங்கும், அதற்குள் நீங்கள் சேவித்துவிட்டு வெளியே வந்திருப்பீர்கள். அம்மாவின் மனசு அங்கேயே நிறைந்துவிடும், அதற்கு மேல் அந்த நாளில் எது தவறினாலும் அவர் குறை சொல்ல மாட்டார்.

தெம்பு இருந்தால் அங்கேயே ஆட்டோ பேசிக்கொண்டு தரியா தவுலத் பாக் போங்கள், கோட்டைக்குக் கிழக்கே, பக்கம்தான். ஏறும் முன்னால் போக, நிற்க, வர எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று பேசிவிட வேண்டும். திப்பு 1784-ல் கட்டி முடித்த தேக்கு மர மாளிகை. மேற்குச் சுவர் முழுக்க 1780-ல் நடந்த ஒரு சண்டையை வரைந்திருக்கிறார்கள். அந்தச் சண்டை நடந்த இடம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளலூர், ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கிய சண்டை. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, சதுரமாக நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்களின் நடுவில் பல்லக்கில் ஆங்கிலேயத் தளபதி உட்கார்ந்திருக்கிறார். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கே தெரியாத காஞ்சிபுரத்துச் சங்கதி மைசூர்ச் சீமையில் ஒரு சுவரில் இருக்கிறது. நேரமும் தெம்பும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஆனால் எனக்கு அரண்மனையைவிட இதுதான் பிடிக்கும்.

அங்கிருந்து மைசூர் 15 கிலோமீட்டர் சொச்சம்தான். டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், நான்கு பேருக்கு ஆட்டோவோ காரோ வைத்துக்கொண்டாலும் கட்டுப்படியாகும். அம்மா களைத்திருப்பார் என்பதால் காருக்கே என் ஓட்டு.

மைசூரில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எதுவும் செய்யாதீர்கள். ஒரு நாள் பயணத்தில் எல்லோரும் சறுக்குவது இந்த இரண்டு மணி நேரத்தில்தான். வந்ததே வந்தோம் என்று சாமுண்டி மலையையும் சேர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மலை ரோட்டில் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும், மேலே போனால் கோயில் நடை இடைவேளையில் இருக்கும், கீழே வந்தால் அரண்மனை மூடும் நேரம். உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு மலை வேண்டாம், இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பதில் தன்வந்திரி சாலைப் பக்கம் உள்ள லாட்ஜ்களில் ஏதாவது ஒன்றில் சாயந்திரம் வரைக்கும் ஒரு ரூம் எடுங்கள். வீண் செலவு என்று உங்கள் கணவர் சொல்லுவார், சொல்லட்டும். சாப்பிட்டுவிட்டு அம்மா ஒன்றரை மணி நேரம் கட்டையைச் சாய்த்து, சுத்தமான பாத்ரூமைப் பயன்படுத்தி, காலை நீட்டிக் கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டால்தான் ராத்திரி விளக்கு வரை தாங்குவார். ரயில் டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் இதற்குத்தான். அந்த நேரத்தில் பையனைக் கணவர் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போகட்டும், 1892-லிருந்து இருக்கிறது, மரநிழல் நிறைய உண்டு. வந்தே பாரத்துக்கு ஒட்டகச்சிவிங்கி நல்ல ஈடு.

மூன்றே காலுக்கு அரண்மனைக்குக் கிளம்புங்கள். ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். தெற்கே வராக வாசல் வழியாகத்தான் பார்வையாளர்களை விடுகிறார்கள், ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லி இறங்குங்கள், இல்லாவிட்டால் பஸ் நிலையப் பக்கம் இறக்கிவிட்டு, மதில் சுற்றி நடக்க வைத்துவிடுவார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு கல் தரையில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார், அம்மாவுக்குத் தடிமனான ஒரு ஜோடி காலுறை எடுத்து வாருங்கள். பழைய மர அரண்மனை 1897-ல் ஒரு கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோய், 1912-ல் முடிந்த புது அரண்மனை இது. வரைந்தவர் ஹென்றி இர்வின், நம்ம சென்னை எழும்பூர் ஸ்டேஷன் கட்டடத்திலும் கை வைத்தவர். ரயிலா பஸ்ஸா என்று அடித்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இது பேச ஒரு விஷயம்.

விளக்கு ஞாயிறு மாலை ஏழு மணிக்கு. மற்ற கிழமைகளில் இந்த முழு அலங்காரம் கிடையாது, ஞாயிறும் அரசு விடுமுறையும்தான், தசராவில் தினமும் உண்டு, ஆனால் தசராக் கூட்டத்தில் அம்மாவை அழைத்துப் போகவே கூடாது. ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள், ஒரே நொடியில் எரியும், கூட்டம் மொத்தமும் ஓ என்று கத்தும். பார்க்க வேண்டியது அந்த முதல் நொடியும் அதற்குப் பிறகு ஒரு கால் மணியும்தான். ஏழரைக்கு வெளியே வந்துவிடுங்கள். விளக்கை அணைக்கும் வரை நின்றால் பத்தாயிரம் பேரோடு சேர்ந்து ஆட்டோ தேட வேண்டியிருக்கும், கேட்ட ரேட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது திரும்பும் பஸ். ஏன் ரயில் இல்லை என்று அம்மா கேட்பார். ஏழரைக்கு மேல் மைசூரை விட்டுக் கிளம்பும் ரயில்கள் சிலதான், அவையும் காவேரி எக்ஸ்பிரஸ் போலச் சென்னை வரை போகிற ராத்திரி வண்டிகள். நீண்ட தூரத்துக்காரர்கள் படுக்கைகளை நிரப்பியிருப்பார்கள், ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஞாயிறு ராத்திரி நிற்க இடம் கிடைத்தால் பெரிது. அதோடு, விளக்கு பார்க்கப் போய் வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தவிக்க வேண்டும். பஸ் அப்படியில்லை. புறநகர் பஸ் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒன்று போனால் இன்னொன்று. அரண்மனையிலிருந்து ரயில் நிலையத்தைவிட அது கிட்ட. நாளின் முடிவில் எந்த நேரத்துக்கு முடியும் என்று தெரியாதபோது, நேரம் பார்க்காத வண்டிதான் வேண்டும்.

ஆனால் எந்த பஸ் என்பதில் நான் வழக்கமாகச் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லப்போகிறேன். எங்கும் நிற்காத ஐராவத் வேண்டாம். சிவப்புக் கலர் சாதாரண எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறுங்கள், மண்டியா, மத்தூர், சென்னப்பட்டணம், ராமநகரம் என்று ஊருக்குள் பஸ் நிலையங்களில் நின்று போகிற பஸ். அரை மணி, முக்கால் மணி கூடுதலாக ஆகும்தான். ஆனால் கிளம்பி ஒரு மணி நேரத்தில் மண்டியா பஸ் நிலையம் வந்துவிடும், அங்கே கட்டணக் கழிப்பறை உண்டு. ஏறும்போதே கண்டக்டரிடம் "அம்மாவுக்குச் சர்க்கரை, மண்டியாவில் ஐந்து நிமிடம் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். தமிழிலேயே சொன்னாலும் போதும், அந்த ரூட் கண்டக்டர்கள் பலருக்குப் புரியும். அம்மாவைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூட இறங்குங்கள், கணவர் பஸ்ஸிலேயே இருக்கட்டும், அவர் உள்ளே இருந்தால் பஸ் கிளம்பாது.

இன்னொரு லாபமும் உண்டு. கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் இந்தச் சிவப்பு பஸ்களில் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து டிக்கெட் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி போட்ட அடையாள அட்டை காட்ட வேண்டும். உங்கள் ஆதாரில் ராமமூர்த்தி நகர் இருந்தால் உங்களுக்குப் பைசா இல்லை, அம்மாவின் ஆதாரில் ஸ்ரீரங்கம் இருக்கும், அவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ஐராவத், ராஜஹம்சா மாதிரி சொகுசு பஸ்களில் இந்தச் சலுகை யாருக்கும் கிடையாது. இலவசம் என்பதால் கூட்டம் இருக்கத்தான் செய்யும், அதனால் நடுவழியில் கை காட்டி ஏறும் யோசனையெல்லாம் வேண்டாம், பஸ் நிலையத்துக்கே போய், காலியாக வந்து நிற்கும் பஸ்ஸில் கணவரை முதலில் ஏற்றி இடம் போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முன்பக்கம், கதவுக்குக் கிட்ட. பின்சக்கரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள், ஒவ்வொரு மேடுக்கும் முழங்கால் பதில் சொல்லும். படி உயரமாக இருக்கும், அவர் ஏறும்போது ஒருவர் மேலே நின்று கை கொடுக்க, ஒருவர் கீழே நிற்க வேண்டும்.

பஸ் நிரம்பி வழிகிறது, அம்மாவும் ரொம்பக் களைத்துவிட்டார் என்றால் என் பேச்சைக் கேட்காமல் ஐராவத்தில் ஏறிவிடுங்கள், அதற்கு முன்னால் பஸ் நிலையத்திலேயே ஒரு முறை பாத்ரூம் போய்விட்டு, வழியில் ஒரு இடத்தில் நிறுத்துவதாக டிரைவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு. ஆன்லைனில் முன்கூட்டியே சீட் போட்டு வைத்தால் அந்த நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும், விளக்கை அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஓடுவீர்கள். ஞாயிறு சாயந்திரம் பெங்களூர் திரும்பும் ஐடிக் கூட்டம் ஐந்திலிருந்து ஏழரை வரைதான் பஸ் நிலையத்தை முற்றுகையிடும், எட்டு மணிக்கு மேல் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

எட்டு மணி பஸ் என்றால் கெங்கேரி வரும்போது பதினொன்றை நெருங்கியிருக்கும். மெட்ரோ கிடைக்குமா கிடைக்காதா என்ற ஓரத்தில் இருக்கும் நேரம் அது. கெங்கேரியில் இறங்கினால் நேராகப் பென்னிகானஹள்ளி போகிற அதே பர்ப்பிள் லைன்தான், ஆனால் பத்தரைக்குள் அங்கே இருந்தால் மட்டும் அதை நம்புங்கள். தாண்டிவிட்டால் இறங்கவே வேண்டாம், மெஜஸ்டிக் வரை பஸ்ஸிலேயே வாருங்கள், அங்கே ராத்திரியிலும் வண்டி கிடைக்கும், சாட்டிலைட்டில் பதினொன்றரைக்கு ஆட்டோக்காரர்கள் கேட்கும் ரேட்டுக்கு இன்னொரு முறை மைசூரே போய்வரலாம். ராமநகரம் தாண்டும்போது செயலியில் கார் பதிவு செய்ய ஆரம்பித்தால் நீங்கள் இறங்கும்போது சரியாக வந்து நிற்கும். மறுநாள் திங்கட்கிழமை பையனுக்குப் பள்ளி இருந்தால் முதல் பீரியடுக்கு லீவு சொல்லிவிடுங்கள்.